ஒரு கைப்பிடி குறைவு

என் மாமனாருக்குத் தொண்ணூற்றாறு வயது. பற்களில் பாதி இன்னும் அவருடையவை. காலையில் ஒரு முட்டை சாப்பிடுவார். மாலையில் செய்தித்தாளில் இறந்தவர்கள் பக்கத்தை வாசிப்பார். தன்னைவிட இளையவர்களின் படங்களாக இருந்தால், "அவசரக்காரனுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்.

நீங்கள் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இந்த வயதில் ஒருவர் மாதாமாதம் பணம் வாங்கினால் சந்தேகம் வருவது நியாயம்தான். பக்கத்துத் தெருவில் நீங்கள் ஒருவனைப் பிடித்ததைக் கேள்விப்பட்டேன். அப்பா செத்துப் பல வருடமாகியும் மகன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தானாம். உழைக்காமல் சம்பாதிக்க நினைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஓய்வூதியம் வேண்டும் என்றால் ஆளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை.

உள்ளே இருமல் கேட்டதல்லவா, அது அவர்தான். வெளியே வருவார், கொஞ்சம் நேரமாகும். காது மந்தம். நாம் பேசுவது கேட்காது. என் மனைவி வெளியே போயிருக்கிறாள். வாசலில் நீங்கள் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டீர்கள், இந்த வயது வரை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று. எல்லோரும் கேட்பதுதான். எல்லோரிடமும் வெந்நீர் என்று சொல்வேன். நீங்கள் அரசாங்கம். உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆயுள் காப்பீடு விற்றவன். இருபத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய், முதுமைக்குச் சேர்த்து வையுங்கள் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்ததில் சேர்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. என் ஐம்பத்தோராவது வயதில் நிறுவனம் எங்கள் கிளையை மூடிவிட்டது. கையில் ஒரு மேசைக் கடிகாரமும் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பினார்கள். முதலில் பணம் நின்றது. பிறகு கடிகாரம்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மனைவியும் இங்கே வந்தோம். இது மாமனார் கட்டிய வீடு. அவள் அவருக்கு ஒரே மகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தெருவில் என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்றார்கள். ஐம்பத்தோரு வயதில் ஒருவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மாமனாரின் ஓய்வூதியம் பெரிய தொகை இல்லை. ஆனால் அதில் நான்கு பேர் சாப்பிடலாம், மருந்து வாங்கலாம், மின்கட்டணம் கட்டலாம். அவர் போனால் மாமியாருக்குப் பாதி வரும். மாமியாரும் போனால் கல்யாணமான மகளுக்கு ஒன்றும் வராது. விதி அப்படி. உங்களுக்குத் தெரியாததா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வாழ்நாள் முழுவதும் தப்பான சரக்கை விற்றிருக்கிறேன் என்று. காப்பீடு ஆள் செத்தால் பணம் தரும். ஓய்வூதியம் ஆள் இருந்தால் பணம் தரும். பெரியவர்கள் மேல் அன்புள்ளவனுக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

மாமியார் முதலில் போனார். மாமனார் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார். கஞ்சி வைத்தால் ஆறிப்போகும். பேசினால் பதில் வராது. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"உடம்புல ஒண்ணும் இல்லைங்க. அவருக்கே வேண்டாம்னு ஆயிடுச்சு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி வச்சிடுங்க."

சொல்ல வேண்டியவர்கள் என்று யாரும் இல்லை. நான் உள்ளே வந்து, அவர் போன பிறகு எத்தனை மாதம் ஓட்டலாம் என்று யோசித்தேன். மாதக் கணக்கில் யோசிக்கும் அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற வேலை. கடைவீதியில் அவருக்குத் 'தராசு' என்றுதான் பெயர். ஜீப் வருவதைப் பார்த்ததும், தராசு வருது தராசு வருது என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் செய்தி போகுமாம். லஞ்சம் வாங்கியதில்லை. சிரித்ததும் இல்லை. ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய பித்தளைத் தராசு ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

அவர் படுத்திருந்த நாட்களில் ஒரு நாள் முனைக்கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கினேன். வழியில் பொட்டலம் கிழிந்து கொஞ்சம் கொட்டிவிட்டது. மனைவி திட்டுவாளே என்று வேறு உறையில் மாற்றி, அவர் கட்டில் பக்கத்து அலமாரியில் வைக்கப் போனேன். சுவரிலிருந்து முகம் திரும்பியது.

"அதை இங்க குடு."

கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் மேலும் கீழும் அசைத்தார்.

"எங்க வாங்கின?"

"முனைக்கடையில மாமா. ஒரு கிலோ."

"அறுபது கிராம் குறையுது."

எழுந்து உட்கார்ந்தார். தராசை எடுக்கச் சொன்னார். நிறுத்தோம். ஐம்பத்தெட்டு கிராம் குறைந்தது.

"ரெண்டு கிராம் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. "வயசாயிடுச்சு."

பிறகு சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவரிடம் எப்படிச் சொல்வது.

அன்றிலிருந்து நான் கொஞ்சம் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு கைப்பிடி. அதற்கு மேல் போனதில்லை. ஒரு வாரம் சர்க்கரை, அடுத்த வாரம் பருப்பு, பிறகு டீத்தூள். தினமும் குறைந்தால் அவருக்குச் சலித்துவிடும். இரண்டு வாரம் சரியாக விட்டு, 'திருந்திட்டான்போல' என்று அவர் சொல்லத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். சோப்பைக்கூடக் கத்தியால் சீவியிருக்கிறேன். எடுத்ததை மனைவி ஒரு ஜாடியில் போட்டு வைப்பாள். அவளுக்குத் தெரியும். முதல் நாள் பார்த்தாள், ஜாடியின் மூடியைத் திறந்து பிடித்தாள். அந்த ஜாடியால் வீட்டில் செலவும் கொஞ்சம் குறைந்தது.

மாமனார் கைத்தடியை எடுத்துக்கொண்டு முனைக்கடைக்கு நடந்தார். மாமியார் போன பிறகு அவர் வாசல்படி இறங்கியது அதுதான் முதல் தடவை. நானும் பின்னால் போனேன்.

"ஐயா, இது கம்ப்யூட்டர் தராசு. போன மாசம்தான் வாங்கினேன்" என்றார் கடைக்காரர்.

"தராசு பொய் சொல்லாது. பக்கத்துல இருக்கிற கை சொல்லும்."

"உங்க பேரன் வயசுதான் எனக்கு. உங்க சர்க்கரையில திருடி நான் மாடி வீடா கட்டப் போறேன்?"

"மாடி கட்டினவன் எல்லாம் கைப்பிடி கைப்பிடியாத்தான் கட்டினான்."

நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். பெரியவரைக் கொஞ்சம் அடக்கிக் கூட்டிப் போங்கள் என்று கண்ணால் கெஞ்சினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமனார் விஷயத்தில் மருமகன் தலையிட முடியுமா.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் துறைக்குப் புகார் எழுதினார். அவரிடம் வேலை கற்றவர்கள் இப்போது அங்கே பெரிய நாற்காலிகளில் இருக்கிறார்கள். புகார் போனதும் ஆள் வந்தது. சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி புகார் போனது. மறுபடி வந்தார்கள். அதிகாரிகள் அடிக்கடி வந்து போகும் கடையில் ஜனங்கள் எதற்குச் சாமான் வாங்க வேண்டும். ஏதோ இல்லாமலா வருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நாலைந்து வருடம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைக்காரர் மூடிவிட்டார். மூடும் வாரத்தில் மீதிச் சரக்கைப் பாதி விலைக்குப் போட்டார். நாங்களும் வாங்கினோம். எடை சரியாகவே இருந்தது.

இப்போது எங்கேயோ வேன் ஓட்டுகிறாராம். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைவிட வெளிக்காற்று உடம்புக்கு நல்லது.

எனக்குத்தான் சிரமமாகிவிட்டது. அடுத்து வந்த பெரிய கடையில் எல்லாம் ஆலையில் ஒட்டி வரும் பொட்டலம். பிரித்தால் தெரிந்துவிடும். மாமனாருக்கு எண்பத்தெட்டு. மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். வேறு மருந்து தேட வேண்டியிருந்தது. குடும்பத்திலேயே ஒன்று இருந்தது. அவருடைய தம்பி.

தம்பி அவரைவிட ஆறு வயது இளையவர். பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். மாமனார் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் சோதனைக்காக அந்தக் கடைக்கும் போனார். தம்பி கடை என்று ஒதுக்கினால் அவர் தராசு இல்லையே. தட்டைத் திருப்பிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருந்தது. வழக்குப் போட்டார். அபராதம் கட்ட வைத்தார். பறிமுதல் செய்த தராசை ஜீப்பில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர்களுடைய அம்மா இறந்தபோது தம்பி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "அண்ணன் தராசைக் கொண்டு வந்திருக்கானா? அம்மாவை நிறுத்துப் பார்த்துட்டுத்தானே தூக்க விடுவான்?" அன்றோடு பேச்சு நின்றது. நாற்பது வருடம் இருக்கும்.

ஒரு நாள் மாமனாரின் கட்டிலருகே உட்கார்ந்து, "சின்ன மாமாவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்" என்றேன்.

 அவர் மூச்சு மாறியது.

"என்ன சொன்னான்?"

"வேண்டாம் மாமா. சொன்னா கோபப்படுவீங்க."

"சொல்லு."

"அண்ணன் இன்னும் இருக்கானா, இல்ல அந்த உசுரையும் சர்க்கார் பறிமுதல் பண்ணிட்டுப் போயிடுச்சான்னு கேட்டார்."

எழுந்தார். சவரம் செய்யத் தண்ணீர் கேட்டார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "அவனுக்கு முன்னாடி நான் போக மாட்டேன்" என்றார்.

என் தொழிலில் எத்தனையோ பேர் எத்தனையோ உறுதி கொடுத்துக் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல உறுதியைக் கேட்டதில்லை.

நான் தம்பியைப் பார்க்கவே இல்லை. மாலை நடையில் எனக்கு ஒரு வாக்கியம் தோன்றும், வீட்டுக்கு வந்து சொல்வேன். மாதம் ஒன்று போதும். ஒரு தடவை தம்பி எண்பத்து மூன்று வயதிலும் மாடிப்படி ஏறுகிறார் என்றேன். மாமனார் அன்று மாடிக்குப் போய் வந்தார். இன்னொரு தடவை, அண்ணன் படுத்த படுக்கை என்று தம்பி ஊரெல்லாம் சொல்வதாகச் சொன்னேன். அடுத்த நாள் தானே வங்கிக்கு நடந்து போய்ப் பணம் எடுத்து வந்தார். காப்பீட்டில் கற்றது வீண்போகவில்லை. ஒருவருக்கு எது வேண்டும் என்று தெரிந்தால் மற்றதை அவரே செய்துகொள்வார்.

நான்கு வருடம் போல நன்றாக ஓடியது. பிறகு ஒரு மதியம் மாமனார் நகம் வெட்டிக்கொண்டே சொன்னார்:

"தட்டுக்கு அடியில இருந்தது மெழுகுதான் மாப்பிள்ளை. அவன் ஒட்டினானா, தானா விழுந்துச்சான்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருக்கணும். யாரோ ஒருத்தனா இருந்தாக் கேட்டிருப்பேன். தம்பின்னுதான் கேக்கல."

"அதெல்லாம் பழசு மாமா."

"அவன்கிட்ட அதை மட்டும் கேட்டுட்டா எனக்கு வேற வேலை இல்ல."

 வேறு வேலை இல்லை என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாமியாரும் கடைசியில் அப்படித்தான் சொன்னார்.

தம்பி வந்தது அந்த மாதத்திலேயே. மதிய வேளை. மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார், மனைவி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். முகம் அப்படியே மாமனார் முகம், கொஞ்சம் சிரிக்கத் தெரிந்தது போல. கையில் துணிப்பை.

"மாப்பிள்ளைதானே? என்னைத் தெரியுதா?"

"தெரியுது, வாங்க" என்று சொல்லிவிட்டு நான் கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணன் எப்படி இருக்கான்?"

"இருக்கார்."

"சண்டை போட வரல. மன்னிப்பு கேக்கவும் வரல. சும்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன். எனக்கும் எண்பத்தாறு ஆச்சு." பையைத் தூக்கிக் காட்டினார். "ஆரஞ்சு. ஒரு கிலோ. நானே நின்னு நிறுத்து வாங்கினேன். எப்படியும் நிறுத்துப் பார்ப்பான், கழுதை. சரியா இருக்கும்னு சொல்லு."

"அந்த மெழுகு..." என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. தொழில் பழக்கம். எல்லா விவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வது.

சிரித்தார். "அன்னைக்குக் கரண்ட் போயிடுச்சு. தட்டைக் கவுத்துப் போட்டு அது மேல மெழுகுவர்த்தி வச்சேன். அவ்வளவுதான் விஷயம். அவன் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லையே. எனக்கும் ரோஷம், நானும் சொல்லல."

நான் கொஞ்ச நேரம் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒருவர் ஒரு கேள்வியோடு படுத்திருக்கிறார். வெளியே ஒருவர் அதன் பதிலோடு நிற்கிறார். நடுவில் நானும், என் அறுபத்திரண்டு வயதும், மனைவியின் ரத்த அழுத்த மாத்திரையும், வீட்டு வரியும்.

"மாமா, அவர் உங்களைப் பத்திப் பேச்செடுத்தாலே நெஞ்சைப் பிடிச்சுக்கிறார்" என்றேன். "தம்பின்னு எவனும் என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நான் பேசிச் சரி பண்றேன். சொல்லி அனுப்புறேன், வாங்க."

"இன்னுமா?"

"இன்னும்."

பையைக் கேட்டின் மேல் வழியாகக் கொடுத்தார். "நான் குடுத்தேன்னு சொல்லாத. சாப்பிட மாட்டான்" என்றார். தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தார். நான் கையசைத்தேன்.

பையை உள்ளே கொண்டு போகும்போது இரண்டு பழத்தை வெளியே எடுத்துவிட்டேன். எந்த யோசனையும் இல்லை, கைப்பழக்கம். மாமனார் எழுந்ததும் நிறுத்தார்.

"எவன்கிட்ட வாங்கின? கால் கிலோ ஏமாத்திட்டான்."

"தெருவுல வந்த ஆள் மாமா."

"முகத்தைப் பார்த்தாலே தெரியாதா, திருட்டுப் பயன்னு?"

"நல்ல மாதிரிதான் இருந்தார்" என்றேன்.

அந்த ஆரஞ்சு நல்ல இனிப்பு.

தம்பி நான் சொல்லி அனுப்புவேன் என்று ஒன்றரை வருடம் போலக் காத்திருந்தார். பிறகு அவருடைய மகன் போன் செய்தான். எடுத்தது நான். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய் அடக்கத்தில் நின்றேன். நல்ல கூட்டம். ஏமாற்றுகிற கடைக்காரருக்கு அவ்வளவு கூட்டம் வராது.

"பெரியப்பா வரலையா?" என்று மகன் கேட்டான்.

"சொன்னேன்பா. எனக்குத் தம்பியே கிடையாதுன்னு சொல்லிட்டார்."

அவன் முகம் இறுகியது. "இனிமே அந்த வீட்டு வாசல் பக்கம் நாங்க யாரும் வர மாட்டோம். அக்காகிட்டயும் சொல்லிடுங்க" என்றான். எனக்கு அது வசதியாகப் போயிற்று. என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்குச் சித்தப்பா மேல் பிரியம். அழுதால் முகம் இரண்டு நாள் வீங்கியிருக்கும், அவள் அப்பா கேட்பார்.

அன்று நான் வீட்டுக்குத் திரும்பியபோது மாமனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"சர்க்கரை எடுத்தது நீதான்."

நான் தாழ்ப்பாளையும் போட்டேன்.

"உனக்கு டைபாய்டு வந்து ஒரு மாசம் படுத்திருந்தியே, அப்ப அவதான் கடைக்குப் போனா. அந்த மாசம் முழுக்க முள்ளு அசையல. நீ எழுந்து நடந்த, சர்க்கரை குறைஞ்சுது. யார்கிட்ட?"

"அப்பவே தெரியுமா மாமா?"

"அப்பவே."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவ. நிறுத்தினா நான் படுத்துடுவேன். நான் படுத்தா என் பொண்ணு எதைச் சாப்பிடுவா? உன் மேசைக் கடிகாரத்தையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அதுக்கப்புறம் புகார்ல நான் கையெழுத்தே போடல. கையெழுத்து இல்லாத புகாரைக் குப்பையில போட்டுடுவாங்கன்னு தெரியும். அப்புறமும் ஆள் வந்துச்சு. யார் போட்டது?"

"நான்தான். மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

கண்ணை மூடிக்கொண்டார். 

"அந்தக் கடைக்காரன் பாவம் நம்ம ரெண்டு பேருக்கும். போகட்டும். என் தம்பி வாயில அத்தனையும் போட்டது நீதானே? அவனுக்கு வாய் உண்டு. விஷம் கிடையாது. முதல்ல நம்பினேன். நம்புறதுக்குச் சௌகரியமா இருந்துச்சு. ரெண்டு வருஷமா நம்பல."

"எல்லாம் நான் சொன்னதுதான் மாமா."

நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

"அவன் என்னைத் திட்டவே இல்லையா?"

"இல்ல."

"நல்லா இருக்கானா?"

என் சட்டையில் அப்போதும் அடக்கத்தில் போட்ட மாலைகளின் வாசனை இருந்தது. அவர் மூக்கும் மந்தம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"நல்லா இருக்கார் மாமா."

அவர் முகம் தளர்ந்தது. "அப்போ வரச் சொல்லு. மெழுகை மட்டும் கேட்டுட்டு நான் கிளம்பறேன். நீங்க எப்படியாவது பொழைச்சுக்குங்க. பதிமூணு வருஷமா கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

நான் யோசித்தேன். தம்பி இல்லை என்று சொன்னால் துக்கத்தில் போய்விடுவார். மெழுகுவர்த்தி விஷயத்தைச் சொன்னால் நிம்மதியில் போய்விடுவார். எதைச் சொன்னாலும் எனக்கு ஒன்றுதான்.

"வரச் சொல்றேன் மாமா" என்றேன்.

இரண்டு வருடமாகிறது. தம்பிக்கு முதலில் மூட்டில் அறுவை சிகிச்சை. பிறகு மழை. பிறகு மகன் வீடு மாற்றினான். அடுத்த மாதம் வருவதாக இருக்கிறார். கோபத்தைவிடக் காத்திருப்பது உடம்புக்கு நல்லது என்று இப்போது தெரிகிறது. ரத்த அழுத்தம் ஏறுவதில்லை, தூக்கம் கெடுவதில்லை. டாக்டரே ஆச்சரியப்படுகிறார். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி வச்சிடுங்க என்றாரே, அதே டாக்டர். போன வருடம் அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

இதில் குற்றம் என்று எழுத உங்களிடம் இடமிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் விதிகளை நான் முழுவதும் வாசித்திருக்கிறேன். இறந்தவரை உயிரோடு இருப்பதாகச் சொன்னால் தண்டனை உண்டு. ஆனால் ஓய்வூதியக்காரரைப் பற்றிச் சொன்னால்தான். அவருடைய தம்பியைப் பற்றி ஒன்றும் இல்லை.

எனக்கும் வயதாகிறது. அறுபத்தாறு. என் மூச்சுக்கு மாதம் ஒரு ரூபாய் கூடக் கிடையாது, அதனால் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் என் சர்க்கரையில் யாரும் கை வைக்கப் போவதில்லை. இதை யோசித்தால்தான் மாமனார் எவ்வளவு கொடுத்து வைத்தவர் என்று தெரிகிறது. அவர் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தூக்கம் வராது. எத்தனை வீட்டில் அப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

கதவுச் சத்தம் கேட்டதா. வந்துவிட்டார். இவ்வளவு நேரம் முகம் மழித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆள் வருவதைப் பார்த்தால் தம்பி என்று நினைத்துப் புதுச் சட்டை மாற்றிக்கொள்வார். உங்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் விழும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பி அனுப்பின ஆளா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், அடுத்த மாதம் நிச்சயம் வருகிறார் என்று. நான் சொன்னால் இப்போதெல்லாம் என் முகத்தையே பார்க்கிறார். நீங்கள் வெளியாள், அதிலும் அரசாங்கம், நம்புவார். ஒரு வருடமாவது தாங்கும்.

பிறகு உங்கள் தாளில் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது முழு உண்மை. எனக்கு அவரிடமிருந்து வேறு ஒன்றும் வேண்டாம். அவர் இருந்தால் போதும்.